கிராண்ட் கேன்யன் பக்கத்துல 4 ராத்திரி டென்ட்: லோன் போடாம போற கணக்கு

போன நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை என் சித்தி பையன்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு எக்ஸெல் ஷீட் வந்தது. "அண்ணா, கிராண்ட் கேன்யன் பிளான். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. பெர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா இருக்கு, ஒரு கிளிக்தான்." பையனுக்கு 26 வயசு. கோயம்புத்தூர்ல ஐடி வேலை. கையில வர்றது மாசம் 58,000 ரூபாய். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா போனப்ப எடுத்த அமெரிக்க விசா இன்னும் செல்லும். காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தனும் கூட வர்றான்.

ஷீட்ல கேன்யன் வாசல்ல ஹோட்டல் 4 ராத்திரி, ஹெலிகாப்டர் டூர், மூணு வேளையும் ரெஸ்டாரன்ட் சாப்பாடு எல்லாம் இருந்தது. நான் ஃபோன் பண்ணி ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "தம்பி, அங்க போய் என்னடா பண்ணணும் உனக்கு?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னான்: "ஒண்ணும் இல்லண்ணா. சும்மா உட்காரணும். சத்தமே இல்லாம ராத்திரி வானத்தைப் பார்க்கணும்."

அதுக்கு எதுக்குடா ஹெலிகாப்டர்?

அன்னைக்கு ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஷீட்டைப் பிரிச்சு மேஞ்சோம். அதைத்தான் இங்க உங்களுக்கு எழுதுறேன். நானும் மனைவியும் ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அக்டோபர்ல அங்க டென்ட் போட்டுத் தங்கியிருக்கோம், அதனால பட்ட அடியும் சேர்த்து.

முதல்ல லோன் கணக்கு

அவன் பழைய பிளான்படி, ரெண்டு பேருக்கும் சேர்த்து அங்க ஆகுற செலவு: ஹோட்டல் ராத்திரிக்கு 260 டாலர்னு 1,040. ஹெலிகாப்டர் தலைக்கு 300, மொத்தம் 600. சாப்பாடு 480. வாடகைக் கார் இன்சூரன்ஸோட 420. பெட்ரோல் 85. நுழைவு பாஸ் 250. கூட்டினா 2,875 டாலர். 1 டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கிட்டா ஆளுக்கு கிட்டத்தட்ட 1,29,000 ரூபாய். விமான டிக்கெட் 1,10,000 தனி. மொத்தம் 2.4 லட்சம். அதனாலதான் 2.5 லட்சம் லோன்.

14 சதவீத வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 12,000. ரெண்டு வருஷத்துல வட்டி மட்டும் 38,000. ப்ராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு ஜிஎஸ்டி, அது ஒரு 5,900. ஆக 44,000 ரூபாய் பேங்குக்குத் தட்சணை. இந்த 44,000 எவ்வளவு பெருசுன்னு கொஞ்சம் கீழ டென்ட் கணக்கு வரும்போது தெரியும்.

அவன் இன்னொரு வழியும் வச்சிருந்தான். எமர்ஜென்சி ஃபண்டுல 2.8 லட்சம் கிடக்கு, அதை எடுத்துட்டு அப்புறம் நிரப்பிக்கலாம்னு. ஐடி கம்பெனியில ப்ராஜெக்ட் முடிஞ்சு பெஞ்ச்ல உட்கார்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, அந்த 2.8 லட்சம் எதுக்குன்னு சொல்வாங்க. சித்தப்பாவுக்கு அடுத்த வருஷம் முட்டி ஆபரேஷன் வேற பேச்சுல இருக்கு. நான் கண்டிப்பாச் சொல்லிட்டேன்: அந்தப் பணத்தைத் தொடுறதா இருந்தா என்கிட்ட ஷீட் அனுப்பாதே.

பாலைவனம், ஆனா ஊட்டி

கிராண்ட் கேன்யன் எப்படிப்பட்ட இடம்னு கொஞ்சம் சொல்லிடறேன். ஏன்னா இங்கதான் நிறைய பேர் தப்பா பிளான் பண்றாங்க. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல இருக்கு. கொலராடோ ஆறு அறுத்துப் போட்ட பள்ளம். ஆற்றோட நீளத்துல 446 கிலோமீட்டர், சில இடத்துல அகலம் 29 கிலோமீட்டர், ஆழம் ஒரு மைல் வரைக்கும். 1919லயே தேசியப் பூங்கா ஆயிடுச்சு. எல்லாரும் போறது தெற்கு விளிம்பு, அதாவது சவுத் ரிம்.

அந்த சவுத் ரிம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி 2,240. புரியுதா? பாலைவனம்னு பேரு, ஆனா நீங்க டென்ட் போடப் போறது ஊட்டி உயரத்துல, பைன் மரங்களுக்கு நடுவுல. ஜூலையில பகல் 29 டிகிரி, ராத்திரி 12. அக்டோபர்ல பகல் 18, ராத்திரி 2 டிகிரிக்கு இறங்கிடும். அதே ஜூலையில கீழ ஆற்றுப் பக்கம் 41 டிகிரி கொதிக்கும். ஒரே இடத்துல ரெண்டு காலநிலை.

அதனால ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது லேபிளைப் படிங்க. அதுல கம்ஃபர்ட், லிமிட்னு ரெண்டு டிகிரி போட்டிருக்கும். லிமிட்ங்கிறது குறுகிப் படுத்து எப்படியோ ராத்திரியை ஓட்டிடலாம்ங்கிற அளவு. நிம்மதியாத் தூங்க கம்ஃபர்ட் எண்தான் முக்கியம், அது 0 டிகிரியோ அதுக்குக் கீழயோ இருக்கணும். நாங்க 12 டிகிரி பேக் கொண்டு போனோம். காசு மிச்சம் பண்ணதா நினைப்பு. முதல் ராத்திரி ரெண்டு பேரும் இருக்கிற சட்டை எல்லாத்தையும் போட்டுக்கிட்டு, காலை 4 மணிக்குக் கார்ல ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த நாள் ஃப்ளாக்ஸ்டாஃப் வரைக்கும் 130 கிலோமீட்டர் போய் புதுசா வாங்கினோம். பெட்ரோலும் போச்சு, ஒரு நாளும் போச்சு.

எங்க டென்ட் போடறது?

பூங்காவுக்குள்ள பெரிய முகாம் மேதர் கேம்ப்கிரவுண்ட். 300க்கும் மேல இடம் இருக்கு. ஒரு இடத்துக்கு ராத்திரிக்கு 30 டாலர் பக்கம். தலைக்கு இல்லை, இடத்துக்கு. ஒரு இடத்துல 6 பேர், 3 டென்ட், 2 வண்டி வரைக்கும் விடுவாங்க. 4 பேரா போனா ஆளுக்கு 8 டாலர்கூட வராது. தண்ணி, கழிப்பறை, மேஜை, அடுப்பு மூட்ட இடம் எல்லாம் உண்டு, பக்கத்துலயே மளிகைக் கடை. ராத்திரி 10 முதல் காலை 6 வரை சத்தம் போடக்கூடாது. அமைதிதான் வேணும்னா புக் பண்ணும்போது பைன் லூப்னு பார்த்து எடுங்க. அங்க ஜெனரேட்டருக்கு அனுமதி கிடையாது. மத்த லூப்புல பெரிய கேரவன் வண்டிக்காரங்க காலையிலயும் சாயங்காலமும் ஜெனரேட்டர் போடுவாங்க.

புக்கிங் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்துல, 6 மாசம் முன்னாடியே திறக்கும். சீசன் தேதிகள் வேகமாப் போயிடும். போயிடுச்சேன்னு விட்டுடாதீங்க. கேன்சல் பண்ண 10 டாலர்தான் கட்டணம், அதனால நிறைய பேர் கடைசி ரெண்டு வாரத்துல கேன்சல் பண்ணுவாங்க. தினமும் ஒரு தடவை பாருங்க. கிளம்புறதுக்கு முந்தின நாளோ அன்னைக்கோ கேன்சல் பண்ணா மட்டும் முதல் ராத்திரிக் காசும் சேர்ந்து போகும்.

கிழக்குல 40 கிலோமீட்டர் தள்ளி டெசர்ட் வியூ முகாம் இருக்கு. 50 இடம்தான், குளிக்க வசதி கிடையாது. ஆனா கூட்டமும் கிடையாது. ஏப்ரல் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும்தான் திறந்திருக்கும். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

மூணாவது வழி, இலவசம். பூங்கா எல்லையை ஒட்டி கைபாப் தேசியக் காடு இருக்கு. அங்க ஃபாரஸ்ட் ரோடு ஓரமா, ஏற்கெனவே டென்ட் போட்ட தடம் இருக்கிற இடத்துல 14 நாள் வரைக்கும் காசில்லாம தங்கலாம். புக்கிங் கிடையாது. டூசயான் ஊர் பக்கத்துல 302, 688ங்கிற ரோடுகள்ல நிறைய பேர் தங்குவாங்க. கிராண்ட்வியூ பக்கம் 310ம் உண்டு. ஆனா இலவசம்னா என்ன அர்த்தம்? தண்ணி இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்குப் போட்டுக் கொண்டு போகணும். வெளிக்குப் போனா 15 சென்டிமீட்டர் குழி தோண்டி மூடணும். காய்ஞ்ச மாசங்கள்ல நெருப்பு மூட்டவே தடை இருக்கும், மீறினா அபராதம்.

இன்னொண்ணு, இது கணக்குக்காரன் பேச்சு. வாடகைக் கார் அக்ரிமென்ட்ல மண் ரோட்டுல போகக்கூடாதுன்னு பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. மீறிப் போய் டயர் கிழிஞ்சாலோ சேத்துல மாட்டினாலோ இன்சூரன்ஸ் உதவாது. யூட்யூப்ல டோரோவீப்னு ஒரு இடம் பார்த்திருப்பீங்க, வேலியே இல்லாம 900 மீட்டர் செங்குத்தா ஆறு தெரியும். அங்க போக சுமார் 100 கிலோமீட்டர் மண் ரோடு. டயர் பஞ்சர் ஆகுறது சர்வ சாதாரணம். இழுத்துட்டு வர்ற வண்டிக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். 9 இடம்தான், பர்மிட் வேணும், தண்ணி கிடையாது. வாடகைக் கார்ல அங்க போகாதீங்க, அவ்வளவுதான்.

அதனால தம்பிக்கு நான் சொன்னது: முதல் ரெண்டு ராத்திரி மேதர்ல. அங்க பழகிட்டு, கார் கவுன்டர்ல மண் ரோடு பத்திக் கேட்டு, அவங்க சரின்னு சொன்னா மட்டும் மத்த ரெண்டு ராத்திரி காட்டுல. முடியாதுன்னா நாலு ராத்திரியும் மேதர். கூடுதல் செலவு 60 டாலர்தான். 60 டாலருக்காக காரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஹெலிகாப்டர் விஷயத்துல ஒரு தமாஷ் இருக்கு. அதெல்லாம் டூசயான் விமான நிலையத்துல இருந்துதான் கிளம்பும். பகல்ல அந்தப் பக்கம் காட்டுல உட்கார்ந்தா அந்தச் சத்தம்தான் கேட்கும். காசு கொடுத்து ஏறலாம்னு இருந்தவனுக்கு இப்ப அதுதான் இடைஞ்சல்! உண்மையான அமைதி வேணும்னா ஷோஷோனி பாயிண்ட் போங்க. பார்க்கிங்ல இருந்து ஒரு மைல் நடக்கணும், பஸ் வராது, அதனாலேயே ஆள் குறைவு.

புது கணக்கு

முகாம் 2 ராத்திரி 60 டாலர். கார் 420, பெட்ரோல் 85 (லாஸ் வேகாஸ்ல இருந்து போய் வர 900 கிலோமீட்டர், அங்க சுத்த 200 சொச்சம்). டென்ட், ரெண்டு ஸ்லீப்பிங் பேக், மேட், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் சேர்த்து 245. சமையல் சாமான் 150. நுழைவு பாஸ் 250.

பாஸ் பத்தி மட்டும் நின்னு பேசணும். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவுல வசிக்காதவங்களுக்கு, கிராண்ட் கேன்யன் உட்பட 11 பெரிய பூங்காக்கள்ல தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்துடுச்சு. 16 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. வண்டிக்கு 35 டாலர் அது தனி. ரெண்டு பேர்னா 235 டாலர். வெளிநாட்டவருக்கான வருஷ பாஸ் 250. வித்தியாசம் 15 டாலர்தான், ஆனா அதே பயணத்துல ஸயான் பூங்காவுக்கும் போனா பாஸ் இல்லாம மறுபடி தலைக்கு 100 அழணும். மூணு பேரா போனா யோசிக்கவே வேண்டாம், பாஸ்தான். பழைய வீடியோ, பழைய பதிவு பார்த்து 80 டாலர்னு பட்ஜெட் போட்டுட்டுப் போய் வாசல்ல முழிக்காதீங்க. 80 டாலர் பாஸ் இப்ப அங்க வசிக்கிறவங்களுக்கு மட்டும். ஆன்சைட்ல இருந்து அந்த ஊர் டிரைவிங் லைசன்ஸ் வச்சிருக்கீங்கன்னா அது உங்களுக்கும் கிடைக்கும்.

மொத்தம் 1,210 டாலர். ஆளுக்கு 605. ரூபாயில 54,450. பழைய பிளானுக்கும் இதுக்கும் ஆளுக்கு 75,000 வித்தியாசம். இப்ப மேல சொன்ன லோன் செலவு 44,000ஐ இது பக்கத்துல வச்சுப் பாருங்க. நாலு நாள் டென்ட் பயணத்துல 80 சதவீதத்தை வட்டியாவே கொடுக்க இருந்தான் பையன்.

டிக்கெட் 1,10,000 சேர்த்தா 1,64,450. டிராவல் இன்சூரன்ஸ், வேகாஸ்ல முதல் ராத்திரி, கை காவலுக்குக் கொஞ்சம், எல்லாம் போட்டு 1,80,000. மாசம் 18,000 அவனால மிச்சம் பிடிக்க முடியும். டிசம்பர்ல ஆர்டி ஆரம்பிச்சா 10 மாசம், செப்டம்பர்ல முடியுது. மே மாசப் பயணம் அக்டோபருக்குத் தள்ளிப் போச்சு. கொஞ்சம் முகம் சுருங்கிச்சு, சரின்னுட்டான். மே மாசத்தை விட அக்டோபர்ல கூட்டமும் குறைவு. ஜூலை நடுவுல இருந்து செப்டம்பர் ஆரம்பம் வரை மதியானத்துல இடியும் மின்னலும் வரும், விளிம்புல நிக்கிறதே ஆபத்து. அதுவும் தாண்டிடும்.

டிக்கெட்டை மட்டும் நடுவுல விலை இறங்கும்போது ஆர்டிக்கு வெளிய, போனஸ்ல எடுத்துட்டு, அப்புறம் ஈடு கட்டிக்கச் சொன்னேன்.

கார்டு, டாக்ஸ், அப்புறம் நான் பண்ண முட்டாள்தனம்

வேகாஸ் ஏர்போர்ட் கார் கவுன்டர். மத்தியானம் 2 மணி. புக்கிங் என் பேர்ல, நான்தான் டிரைவர். நீட்டின கிரெடிட் கார்டு மனைவி பேர்ல. "டிரைவர் பேர்ல கார்டு வேணும், டெபாசிட் பிடிக்கணும்"னு சொல்லிட்டாங்க. ஃபாரெக்ஸ் கார்டு கொடுத்தேன், ஒத்துக்கலை. என் கிரெடிட் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு ஆன் பண்ணவே இல்லை. புது கார்டுல அது ஆஃப்லதான் வரும்னு நானே கிளையன்டுகளுக்குச் சொல்றவன்! ஆப்ல ஆன் பண்ணலாம்னா ஓடிபி வரணும். ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங் போடலை. நம்ம ஊர்ல அப்ப ராத்திரி 2:30. தம்பியை எழுப்பி, கஸ்டமர் கேர்ல கெஞ்சி, கார் கிடைக்க மணி 5. முகாமுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி 10 மணிக்கு மேல. கும்மிருட்டுல, செல்ஃபோன் வெளிச்சத்துல டென்ட் கட்டினோம். அந்த 12 டிகிரி ஸ்லீப்பிங் பேக் கதை அன்னைக்கு ராத்திரிதான்.

தப்பு முழுக்க என்னோடது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி டிரைவர் பேர்ல கிரெடிட் கார்டு, இன்டர்நேஷனல் ஆன், டெபாசிட் தாங்குற லிமிட், ஓடிபி சிம்முக்கு ரோமிங், இந்த நாலையும் வீட்டுல உட்கார்ந்தே சோதிச்சுடுங்க. 25 வயசு ஆகலைன்னா காருக்கு தினமும் கூடுதல் கட்டணம் போடுவாங்க, ரெண்டு பேர்ல மூத்தவர் பேர்ல எடுங்க. ஆர்டிஓவுல 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்து வச்சுக்குங்க.

கிரெடிட் கார்டுல சாதாரணமா 3.5 சதவீதம் மார்க்-அப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. அதனால டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டு, செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு. கடையில மெஷின் "ரூபாயிலயா, டாலர்லயா"ன்னு கேட்டா டாலர்னு அமுக்குங்க. ரூபாய்ன்னா அவங்க இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடுவாங்க.

டிசிஎஸ் பயம் நிறைய பேருக்கு இருக்கு. ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபாய் வரைக்கும் ஃபாரெக்ஸ் கார்டுல ஏத்தினா டிசிஎஸ் கிடையாது. ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா முதல் ரூபாயிலேயே பிடிப்பாங்க. பிடிச்சது உங்க பணம்தான், ரிட்டர்ன்ல திரும்பி வரும், ஆனா அதுவரை முடங்கிக் கிடக்கும். அப்புறம் எல்டிஏ. "அண்ணா, டிக்கெட்டை எல்டிஏல காட்டலாமா"ன்னு தம்பியும் கேட்டான். முடியாது. இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில இருந்தா.

டிராவல் இன்சூரன்ஸை விட்டுடாதீங்க. அமெரிக்காவுல ஏர் ஆம்புலன்ஸ் பில் பல ஆயிரம் டாலர். பாலிசியில மலையேற்றம், ட்ரெக்கிங் விலக்கு இருக்கான்னு படிங்க. படிச்சுட்டும் கீழ ஆறு வரைக்கும் ஒரே நாள்ல இறங்கி ஏறலாம்னு கிளம்பாதீங்க. நம்ம ஊர் மலையில முதல்ல ஏறுவோம், களைச்சா திரும்பிடலாம். இங்க இறங்குறது முதல்ல, களைச்ச பிறகுதான் ஏத்தம். சவுத் கைபாப் பாதையில ஊ ஆ பாயிண்ட்னு ஒண்ணு இருக்கு, போய் வர 3 கிலோமீட்டர் கூட இல்லை. அது போதும். அந்தப் பாதையில தண்ணி கிடையாது, பாட்டில் நிரப்பிக்கிட்டுப் போங்க.

கேஸ் சிலிண்டர் விமானத்துல விடமாட்டாங்க, அங்கதான் வாங்கணும். டென்டும் அங்கேயே மலிவாக் கிடைக்கும். ஸ்லீப்பிங் பேக் மட்டும் இங்க நல்லதா இருந்தா தூக்கிட்டுப் போங்க. ரவை, ரெடிமேட் பொங்கல் மிக்ஸ், புளிக்காய்ச்சல் தாராளமா எடுத்துக்கலாம். சாப்பாட்டை டென்ட்ல வைக்காதீங்க, கார்ல பூட்டுங்க. அங்க அணில் ரொம்ப தைரியசாலி, கடிச்சும் வைக்கும்.

தம்பி ஏப்ரல்ல மேதர் புக்கிங் போட்டுட்டான், பைன் லூப். தேதி மட்டும் ஒரு தடவை மாத்த வச்சேன். முதல்ல எடுத்த தேதி பௌர்ணமி. 2019ல இருந்து அந்தப் பூங்கா சர்வதேச இருள் வானப் பூங்காவா அங்கீகாரம் வாங்கியிருக்கு, நிலா இல்லாத ராத்திரியில பால்வீதி அப்படியே தெரியும். நட்சத்திரம் பார்க்கப் போறவன் பௌர்ணமியில போய் என்ன பண்ணுவான்? சித்தி வீட்டு தினசரி காலண்டரைக் கிழிக்காம புரட்டி, அமாவாசையை ஒட்டி நாலு ராத்திரி எடுத்துக் கொடுத்தது சித்திதான்.